ஊரடங்கில் விட்டுப்போன சர்க்கரை செக்கப்

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. 2020 மார்ச்சில் பஸ் நின்னதும் மாதச் செக்கப்பும் நின்னுபோச்சு. பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையைத்தான் வாங்கிப் போட்டாங்க. இப்போ குதிகால் வெடிப்பில் ரத்தம் கசிஞ்சாலும் வலி தெரியலைங்கிறாங்க. பயமா இருக்கு, எங்கிருந்து தொடங்கறது?

பதில் 1: வலி தெரியாததுதான் ஆபத்துங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. கால் நரம்பு, விழித்திரை, சிறுநீரில் புரதம் மூணையும் பார்க்கச் சொல்லுங்க. எச்பிஏ1சி-ங்கிற ரத்தப் பரிசோதனை எடுத்தா கடைசி 3 மாதச் சர்க்கரையோட சராசரி தெரிஞ்சிடும்.

பதில் 2: 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிங்க. எங்க அப்பாவுக்கு வாசல்லயே பிரஷர் பார்க்கறாங்க.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. ஆபீஸில் லீவு சொல்லிட்டேன். வீட்டுக்குள்ள வெறுங்காலோடதான் நடக்கிறாங்க, பரவாயில்லையா?

பதில் 1: கூடவே கூடாதுங்க. எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரங்களுக்கான மெத்துன்னு இருக்கிற ரப்பர் செருப்பு) வாங்கிக் கொடுங்க, வீட்டுக்குள்ளயும் போடட்டும்.