கற்பூரவல்லிக்கு வட்டம் விழவில்லை, வெறும் கரைப்பானுக்கு விழுகிறது: எங்கே தப்பு?

பாளை_நுண்ணுயிரி கேட்டது:

கிருமியை அடக்குமா, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குமா என்று பார்க்க, எம்.எஸ்சி. இறுதியாண்டு ஆய்வுக்கு ஆவாரம்பூ, கடுக்காய், கற்பூரவல்லி இலை மூன்றையும் எடுத்திருக்கிறேன். ஆவாரம்பூ ரெட்டியார்பட்டி பக்கம் பறித்தது. கற்பூரவல்லி தொட்டிச் செடி. கடுக்காய் டவுனில் நாட்டு மருந்துக்கடையில் வாங்கியது.

மூன்றையும் ஆனி மாதக் கடைசியில் மொட்டை மாடிக் கொட்டகையில் பத்து நாள் நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்தேன். 10 கிராம் பொடிக்கு 100 மி.லி. மெத்தனால், 48 மணி நேர ஊறல். வடிகட்டி, அகலத் தட்டில் நாலு நாள் திறந்து வைத்து ஆவியாக விட்டேன். அடியில் பிசினாக நின்றதைச் சுரண்டி, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. வீதம் கரைத்து, கிருமி பூசிய அகார் தட்டில் குத்திய 6 மி.மீ. குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டேன்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமித் தட்டில், குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் கடுக்காய்க்கு 19 மி.மீ., ஆவாரம்பூவுக்கு 11, கற்பூரவல்லிக்கு ஒன்றுமில்லை. ஈ.கோலை தட்டில் கடுக்காய்க்கு மட்டும் 12. ஆனால் வெறும் டி.எம்.எஸ்.ஓ. குழியைச் சுற்றியும் 9 மி.மீ. விழுகிறது.

ஆக்சிஜனேற்றத் தடுப்பைக் காட்டும் டி.பி.பி.எச். (ஊதா நிறம் மங்குவதை அளக்கும்) சோதனையில் கடுக்காய் 50, 100, 200, 400 மைக்ரோகிராமில் 92, 93, 93, 94 சதவீதம். கோடு படுத்தே கிடக்கிறது. ஊதாவைப் பாதியாக்கும் அளவான ஐ.சி.50 எப்படி எடுக்க? சளிக்கும் இருமலுக்கும் எல்லா வீட்டிலும் கொடுக்கிற கற்பூரவல்லி ஏன் சும்மா இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டு_மூலிகை எழுதியது:

முதலில் கற்பூரவல்லி. அந்த இலையை வளைத்தால் ஒடியாது, நசுங்கித் தண்ணீர்தான் வரும். பத்தில் ஒன்பது பங்கு நீர். நிழலில் போட்டால் மூன்று நாலு நாளைக்கு அது உயிரோடேதான் கிடக்கும், பிறகு அழுக ஆரம்பிக்கும். கிருமியை அடக்குகிற சரக்கு அதிலிருக்கும் கார்வக்ரால், தைமால் என்ற மணச்சத்து. ஓமத்தை நினைவூட்டும் வாசனை அதனால்தான். பத்து நாள் உலர்த்தல், மிக்ஸிச் சூடு, நாலு நாள் திறந்த தட்டு என்று மூன்று இடத்தில் அந்த வாசனையைக் காற்றோடு அனுப்பிவிட்டீர்கள். உங்கள் பிசினை மோந்து பாருங்கள். ஓம வாசனை இல்லையென்றால் அதில் தேடுகிற பொருளும் இல்லை.

இந்த இலையை உலர்த்தவே கூடாது. காலையில் பறித்த பச்சை இலை 300 கிராமை நறுக்கி, முங்கும் அளவு தண்ணீர் விட்டு, கிளெவெஞ்சர் கருவியில் மூன்று மணி நேரம் வடியுங்கள். சில துளிதான் எண்ணெய் தேறும். கொஞ்சம் நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டு ஈரத்தை எடுத்து, பழுப்புக் குப்பியில் இறுக மூடி 4 டிகிரியில் வையுங்கள்.

ஆவாரம்பூ வேறு கதை. பனி காய்ந்த பிறகு பறித்து, வெள்ளைத் துணியில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்துப் போட்டால் நடுவில் புழுங்கி, மஞ்சள் போய்க் கறுத்துவிடும். கறுத்த பூவில் பாலிஃபீனால் ஏற்கெனவே ஆக்சிஜனேறிப் போயிருக்கும், அதை எடுத்து ஆக்சிஜனேற்றத் தடுப்பைச் சோதிப்பதில் பொருளில்லை. ஆனி, ஆடிக் காற்றில் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். பாளையங்கோட்டைப் பக்கம் அந்தக் காற்று புழுதியைக் கொண்டுவந்து போடும், புழுதியோடு மண்ணிலிருக்கிற பேசில்லஸ் வித்துகளும் வரும். மேற்கே பாபநாசம், அம்பை பக்கம் என்றால் சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சாளரத்துக்கு வலை அடித்த அறைக்குள், 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். 2 கிராம் பொடியை 105 டிகிரியில் எடை மாறாத வரை வைத்துப் பார்த்தால் இழப்பு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கடுக்காய் கையில் கனமாக, புழுத்துளை இல்லாமல் இருக்கணும். கொட்டையைத் தட்டி எடுத்துவிட்டுத் தோலை மட்டும் பொடிக்கணும். "இஞ்சிக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு" என்று பெரியவர்கள் சொன்னதை ஆய்வுக்கூடத்திலும் மதிக்கலாம்: கொட்டையும் சேர்ந்தால் சத்தின் விகிதம் குறையும், அடுத்த முறை அதே எண் வராது.

திறந்த தட்டில் மெத்தனாலை ஆவியாக்குவதை நிறுத்துங்கள், அது நச்சு ஆவி. சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரியில் வற்ற வைத்து, பிறகு வெற்றிட உலர்த்தியில் இரண்டு நாள் எடை மாறாமல் நிற்கிறதா பாருங்கள். பிசினுக்குள் சிக்கிய மெத்தனாலும் வட்டம் போடும்.

தட்டும்_வட்டமும் எழுதியது:

டி.எம்.எஸ்.ஓ. 9 மி.மீ. போடுகிறது என்றால், ஆவாரம்பூவின் 11 மி.மீ.யைப் பூவின் கணக்கில் எழுத முடியாது. தூய டி.எம்.எஸ்.ஓ. 50 மைக்ரோலிட்டர் என்பது ரொம்ப அதிகம். குறைந்த அளவில் கரைத்து, கிருமி நீக்கிய தண்ணீரால் 10 சதவீதத்துக்கு இறக்குங்கள். கடுக்காயும் ஆவாரம்பூவும் தண்ணீருக்கு இணங்கும். இன்னொரு வெற்றுச் சோதனையும் வேண்டும்: செடியே போடாமல் 100 மி.லி. மெத்தனாலை அதே வழியில் வற்ற வைத்து, குடுவையை அதே டி.எம்.எஸ்.ஓ.வால் அலம்பி ஒரு குழியில் விடுங்கள்.

அடுத்தது அளவு. 100 மி.கி. செறிவில் 50 மைக்ரோலிட்டர் என்றால் குழிக்கு 5 மி.கி. ஒப்பிடப் பக்கத்தில் வைக்கிற ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம், அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. இரண்டின் வட்டத்தையும் பக்கத்தில் வைத்து "மருந்துக்கு இணை" என்று எழுதிவிடாதீர்கள்.

கடுக்காய்ச் சாறு நல்ல புளிப்பு. பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள், 4-க்குக் கீழேகூட காட்டும். அந்த அமிலமே பாதி வட்டத்தைப் போட்டிருக்கலாம். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விட்டு 7-க்குக் கொண்டுவந்து மறுபடி சோதியுங்கள். 7-ஐத் தாண்டவிட்டால் துவர்ப்புச் சத்தான டானின் பழுப்பேறிக் கெடும்.

தட்டு: 90 மி.மீ. தட்டுக்கு முல்லர்-ஹின்டன் அகார் 25 மி.லி. ஊற்றினால் 4 மி.மீ. கனம் வரும். கனம் கூடினால் வட்டம் சுருங்கும், குறைந்தால் விரியும். கிருமிக் கலவை, கலங்கலை அளக்கும் மெக்ஃபார்லாந்து அளவுகோலில் 0.5-க்குச் சரியாக இருந்து, 15 நிமிடத்துக்குள் பூசப்பட வேண்டும். குழி குத்தும்போது அகார் அடியிலிருந்து தூக்கிவிட்டால் சாறு கீழே ஓடி, வட்டம் கோணலாக விழும். ஒரு துளி உருகிய அகாரால் அடியை அடைத்துவிடுங்கள். சோதனையைச் சரிபார்க்க வைக்கிற தரவகைக் கிருமியான ஏ.டி.சி.சி. 25923 ஆரியஸுக்கு ஜென்டாமைசின் 19 முதல் 27 மி.மீ. வரவேண்டும், 25922 ஈ.கோலைக்கு 19 முதல் 26. வராவிட்டால் அன்றைய தட்டு முழுவதையும் தள்ளுங்கள்.

ஈ.கோலையில் குறைவாக விழுவது உங்கள் தப்பில்லை. அது போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருக்கிறது, டானின் போன்ற பெரிய மூலக்கூறு உள்ளே நுழையத் திணறும்.

டி.பி.பி.எச். கோடு படுப்பதற்குக் காரணம், 50 மைக்ரோகிராமுக்கு முன்பே ஊதா முழுவதும் தீர்ந்துவிட்டது. மீதி 6 சதவீதம் வினை முடிந்த பிறகு நிற்கிற மஞ்சளின் உறிஞ்சல், அது எத்தனை ஊற்றினாலும் போகாது. 1, 2, 4, 8, 16, 32 என்று இறங்குங்கள். 100 மி.லி. மெத்தனாலில் 3.94 மி.கி. டி.பி.பி.எச்., அதில் 3 மி.லி.க்கு 1 மி.லி. சாறு, 30 நிமிடம் இருட்டில், 517 நானோமீட்டர். வைட்டமின் சி உடனே வினை முடிக்கும், டானின் மெதுவாக நகரும். அதனால் நேரத்தை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வையுங்கள். ஆவாரம்பூவுக்குச் சொந்த மஞ்சள் உண்டு, டி.பி.பி.எச். போடாத சாற்றின் அளவைக் கழிக்க மறக்காதீர்கள்.

பாளை_நுண்ணுயிரி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. பிசினை மோந்தேன், பச்சைப்புல் வாசனைதான். வட்டத்துக்குப் பதிலாக எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு) எடுக்கச் சொல்கிறார்கள். 96 குழித் தட்டில் ரெசசுரின் சாயம் போட்டால் போதுமா? கற்பூரவல்லி எண்ணெயை எப்படிக் கரைக்க?

தட்டும்_வட்டமும்:

எம்.ஐ.சி.தான் சரி. வட்டம் என்பது பொருளின் வீரியத்தோடு அது அகாரில் எவ்வளவு ஊர்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டும். எண்ணெய் ஊராது.

ஆனால் ரெசசுரினில் ஒரு கண்ணி இருக்கிறது. உயிருள்ள கிருமி நீலச் சாயத்தை ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) இளஞ்சிவப்பாக்கும் என்பதுதான் அடிப்படை. கடுக்காய் தானே வலுவான ஒடுக்கி, டி.பி.பி.எச்.சில் நீங்கள் பார்த்ததும் அதைத்தான். கிருமியே இல்லாத குழியும் சிவக்கலாம். சாறும் ஊடகமும் மட்டும் உள்ள ஒரு வரிசையைக் கட்டாயம் வையுங்கள். கலங்கலை வைத்தும் முடிவு சொல்ல முடியாது: டானின் ஊடகத்துப் புரதத்தோடு சேர்ந்து தயிர் திரிந்தாற்போல் வெண்மையாக நிற்கும், பார்ப்பவர் கிருமி வளர்ந்ததாக எழுதுவார். ஐயமான குழி ஒவ்வொன்றிலிருந்தும் 5 மைக்ரோலிட்டர் எடுத்துப் புதுத் தட்டில் புள்ளி வைத்து மறுநாள் பாருங்கள். வளர்ந்தால் உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.

இறுதிக் கிருமி அளவு மி.லி.க்கு ஐந்து லட்சம். எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைக்கும் ட்வீன் 80 அரை சதவீதம், அதற்கும் தனி வெற்றுக்குழி. எண்ணெயை மற்றச் சாறுகள் உள்ள தட்டில் போடாதீர்கள், ஆவி பக்கத்துக் குழிக்குப் போய்விடும்.

கிருமிச் சோதனை, டி.பி.பி.எச். இரண்டையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக்கவும் வேண்டாம். கடுக்காயில் இரண்டும் கூடுகிறது என்றால் அது டானினால். நிலவேம்பின் முக்கியச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடில் ஃபீனால் தொகுதியே கிடையாது, டி.பி.பி.எச்.சில் அது எடுபடாததால் நிலவேம்பு வீண் என்று ஆகிவிடாது.

இலையடி எழுதியது:

யாரும் கேட்கவில்லையே: அது ஆவாரைதானா? நம் பக்கம் கரிசலிலும் செம்மண்ணிலும் மஞ்சள் பூப்பூக்கிற சென்னா இனங்கள் பல. உலக மருந்துச் சந்தையில் "தின்னவேலி சென்னா" என்று நம்ம திருநெல்வேலிப் பெயரிலேயே போகும் நிலாவாரையும் அதே பேரினம்தான், ஆனால் அதன் வேலை மலமிளக்குவது. ஆவாரையை அறியப் பூவைப் பார்க்காதீர்கள், இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தைப் பாருங்கள். காது மடல் போல அகன்ற இலையடிச் செதில் இரண்டு பக்கமும் விழாமல் நிற்கும். சென்னா ஆரிகுலேட்டா என்ற அதன் அறிவியல் பெயரே அந்தக் காதால் வந்தது. நிலாவாரைக்கு அப்படிக் காது கிடையாது.

பூ, காய், காது மூன்றும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி, தினமும் தாள் மாற்றி உலர்த்தி, உங்கள் கல்லூரித் தாவரவியல் துறை உலர்தாவரத் தொகுப்பில் சேர்த்து எண் வாங்குங்கள். ஆய்வேட்டில் செடிப் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் வரவேண்டும். மறுபடி பறிக்கப் போனால் நாற்கரச் சாலையோரம் வேண்டாம், புகையும் தார்த்தூசியும் இலையில் படிந்திருக்கும். களக்காடு முண்டந்துறைக் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடக் கிள்ளக்கூடாது. ஆவாரைக்கு அங்கே போகவும் வேண்டாம், ஊர் எல்லைத் தரிசிலேயே வேண்டிய மட்டும் பூத்துக் கிடக்கும்.