வலிப்புக்குப் பின் புரோலாக்டின் பரிசோதனை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கைக்கு 24 வயது. எட்டு மாதமாக அவ்வப்போது நினைவு தப்பி, கைகால் வெட்டி இழுக்கிறது. இரண்டு முறை இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. இது வலிப்பா, மனநெருக்கடியால் வருவதா என்று பிரித்துப் பார்க்க, அடுத்த முறை வந்தவுடன் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

நான் படித்துப் புரிந்துகொண்டது இது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் அதிகம் வராமல் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் அடக்கி வைக்கிறது. வலிப்பு, பிட்யூட்டரியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் வரை பரவும்போது அந்தப் பிடி தளர்ந்து, அளவு இரண்டு மடங்குக்கு மேல்கூட ஏறலாம். ஆனால் 10 முதல் 20 நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். 6 மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஏறாவிட்டால் வலிப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாதாரண மயக்கத்திலும் ஏறலாமாம்.

எங்கள் வீட்டிலிருந்து லேபுக்குப் போகவே முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டிலேயே உடனே ரத்தம் எடுக்க யாராவது ஏற்பாடு செய்திருக்கிறீர்களா? இல்லை, வீடியோ இ.இ.ஜி.க்கு (வீடியோவோடு சேர்த்துத் தொடர்ந்து எடுக்கும் இ.இ.ஜி.) அட்மிட் ஆவதுதான் சரியா? எத்தனை நாள் தங்க வேண்டியிருந்தது? அப்புறம், வாந்திக்கு அவள் டோம்பெரிடோன் சாப்பிடுகிறாள். அதுவே புரோலாக்டினை ஏற்றும் மருந்து. பரிசோதனைக்கு முன் உங்கள் டாக்டர்கள் இதை நிறுத்தச் சொன்னார்களா?