வீட்டுக் குப்பையைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணம் பக்கம்

மேட்டூர் திறந்து சில நாளில் எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். அதற்கு முன்னால் குப்பை வந்து சேரும். பால் கவர், டீ கப், டயபர், மாத்திரை அட்டை எல்லாம் நுரையோடு வந்து மதகில் அடைத்துக்கொள்ளும். போன வருஷம் ஒரு பெரியவர் நீளக் கழியால் அதை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். மதகுக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர். பேச்சுக் கொடுத்தேன். "யார் வீட்டுக் குப்பைன்னு யாரைம்மா கேக்குறது? அவங்கவங்க அடுப்படியிலயே நிறுத்தினாத்தான் உண்டு" என்றார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து எங்கள் குப்பை வாளியைக் கிளறிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அடுப்படிச் சாமான்தான்: காய்த்தோல், மீந்த சோறு, டீத்தூள் சக்கை, சாப்பிட்ட இலை. அந்த ஈரம் ஒட்டியதால் பேப்பரும் கவரும் யாரும் வாங்காத சாமானாகிவிடுகின்றன. ஈரத்தை மட்டும் தனியாக எடுத்துவிட்டால் மீதி சுத்தமாக இருக்கும், பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். எத்தனையோ யோசனை படித்திருக்கிறேன், எனக்கு முழுசாகப் பலன் கொடுத்தது இது ஒன்றுதான்.

ஈரத்துக்கு வழி தெருவிலேயே இருந்தது. மாடு வைத்திருக்கும் ஒரு அக்கா வீட்டுக்கு வீடு கழுநீர் வாளி வைத்துவிட்டுப் போவார், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில் போடலாம். ஆனால் அவருக்கென்று சட்டம் இருக்கிறது. கவரில் கட்டிப் போட்டால் கோபம் வந்துவிடும்: "மாடு கவரோட முழுங்கிடும், அது வயித்துலயே தங்கிடும்." விசேஷ வீட்டில் மீந்த சோற்றை மொத்தமாகக் கொட்டவும் விடமாட்டார். சோறு அதிகமானால் மாட்டுக்கு வயிற்றில் புளித்து உப்பிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுக்கு நல்லது செய்வதாக நினைத்து அண்டா அண்டாவாகக் கொட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாடு தின்னாதது, அதாவது முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல், டீச்சக்கை, கொல்லையில் ஓட்டை போட்ட மண்தொட்டிக்குப் போகிறது. மேலே காய்ந்த சருகு ஒரு கை.

அப்புறம் பால் கவர். மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். அந்தக் குட்டித் துண்டை யாரும் பொறுக்கமாட்டார்கள், நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டினால் போதும், துண்டு கவரிலேயே தொங்கும். அலசிக் காயவைத்துச் சேர்த்தால் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எழுதுங்கள்.

மன்னார்குடி

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சமையல் மாஸ்டர். தங்கை கல்யாணத்துக்குப் பேச வந்தபோது எத்தனை பேர் என்று கேட்டதோடு விடவில்லை. முகூர்த்தம் எத்தனை மணிக்கு, வெளியூர்க்காரர்கள் எவ்வளவு பேர், பஸ் வசதி எப்படி என்றெல்லாம் கேட்டார். அரிசியை ஒரேயடியாக உலையில் போடாமல் பந்தி நகர நகர வடித்தார். "தம்பி, வேகவைக்காத அரிசி நாளைக்கும் அரிசிதான்" என்றார். சோறு பெரிதாக மீந்துபோகவில்லை.

300 மில்லி தண்ணீர் பாட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரெண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள், தண்ணீரும் வீண், பாட்டிலும் வீண். எவர்சில்வர் டம்ளர்தான் வைத்தோம். இலையும் நிஜ வாழை இலைதான். தஞ்சாவூர்ச் சீமையில் வாழை இலைக்கா பஞ்சம்? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் உண்டு. இன்னமும் சில விசேஷத்தில் பார்க்கிறேன், மனது கஷ்டப்படுகிறது.

வேதாரண்யம் பக்கம்

எங்களுக்குத் தண்ணீர்தான் பாடம். கடல் பக்கத்து ஊர், பல இடத்தில் போர் போட்டால் உப்புத்தான் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. எதிர்வீட்டு ஆச்சி அப்போது எங்களுக்கு ஒரு வரிசை சொன்னார்: அரிசி களைந்த தண்ணீரில் காய் கழுவு, அதில் பாத்திரத்தை முதல் அலசல் போடு, அதையும் வாழைக்கு ஊற்று. புயல் போய் வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அந்த வரிசை மாறவில்லை. சோப்புத் தண்ணீரை மட்டும் கீரைப் பாத்திக்கு விடுவதில்லை, வாழைக்கும் கல்வாழைக்கும் விடுகிறோம்.

மாடித் தண்ணீரையும் பிடிக்கிறோம். முதல் மழையில் மாடித் தூசும் பறவை எச்சமும் வரும், அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

ஆர்.ஓ. மிஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமான தண்ணீர் கழிவுக் குழாயில் போகிறது. அந்தக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். வீடு துடைக்கலாம், கக்கூஸுக்கு ஊற்றலாம். செடிக்கு மட்டும் எங்கள் பக்கம் ஊற்றாதீர்கள். தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து அதில்தான் வருகிறது, ஊற்ற ஊற்ற மண் கெட்டுவிடும்.

மயிலாடுதுறை

கும்பகோணம் அக்காவுக்கு ஒரு கேள்வி. மண்தொட்டியில் நாற்றமும் புழுவும் வருகிறதே, பக்கத்து வீட்டில் முணுமுணுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

கும்பகோணம் பக்கம்

ஈரம் மிஞ்சிவிட்டது, காற்றும் போகவில்லை, அதனால்தான் நாற்றம். ஒரு பங்கு காய்த்தோலுக்கு இரண்டு பங்கு சருகோ தேங்காய் நார்த்தூளோ போடுங்கள். ரைஸ் மில்லில் உமி கிடைத்தால் அதையும் கொஞ்சம் கலக்கலாம். வாரம் ஒரு தடவை குச்சியால் கிளறிவிடுங்கள். மீன் கழிவு, எண்ணெய் படிந்த சோறு வேண்டாம். தொட்டி வாயை மெல்லிய துணியால் கட்டிவிட்டால் ஈ முட்டை வைக்காது, புழுவும் வராது. இப்போது இருக்கிற கலவையைக் கொட்டிவிட வேண்டாம், சருகு கலந்து அரை நாள் நிழலில் பரப்பி வைத்துவிட்டுத் திரும்பத் தொட்டியில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சருகு இருந்தால் அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எரிப்பதற்குப் பதில் அதுவும் உங்கள் தொட்டிக்கு வந்துவிடும்.