வியாழனுக்குத் தரை உண்டா?

களுவாஞ்சிக்குடி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தரம் 10 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வியாழன் வாயுக்கோள் என்றால் அதற்குள் விழும் பொருள் மறுபக்கத்தால் வெளியே வந்துவிடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். வராது என்பதை ஈர்ப்பைக் கொண்டு விளக்கினேன். அப்படியானால் அது எங்கே போய் நிற்கும் என்பது அவளுடைய அடுத்த கேள்வி. படங்களில் வாயு, திரவம், பாறை என்று வட்டம் வட்டமாகக் கோடு கீறியிருக்கிறார்கள். அந்தக் கோடுகள் உண்மையில் உள்ளனவா?

வந்தாறுமூலை பௌதிகம்:
டீச்சர், அவ்வாறு விழுந்த பொருள் ஒன்று உண்மையிலேயே உண்டு. கலிலியோ விண்கலம் கொண்டுசென்ற ஆய்வுகலம் 1995 டிசம்பர் 7 அன்று விநாடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீற்றர் வேகத்தில் வியாழனின் வளிமண்டலத்துள் நுழைந்து, வெப்பக்கவசத்தின் பெரும்பகுதி எரிந்துபோன பின் பரசூட்டில் தொங்கியபடி ஏறத்தாழ ஒரு மணிநேரம் தரவுகளை அனுப்பியது. அமுக்கம் நமது கடல்மட்ட அமுக்கத்தின் 22 மடங்கை எட்டியபோது தொடர்பு அறுந்தது. அதுவரை அது கடந்தது 150 கிலோமீற்றர் அளவே. வியாழனின் ஆரையோ 70,000 கிலோமீற்றருக்கு மேல்.

தரை இல்லாமைக்குக் காரணம் ஐதரசனின் இயல்பு. அதன் அவதி வெப்பநிலை ஏறத்தாழ −240 பாகை செல்சியஸ். அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கினாலும் வாயுவுக்கும் திரவத்துக்கும் இடையே மேற்பரப்பு என ஒன்று உருவாகாது. வியாழன் எங்கும் அதைவிட வெப்பமாக இருப்பதால், கீழே செல்லச் செல்ல வாயு அடர்த்தியாகித் திரவம்போல் ஆகிவிடுகிறதே தவிர, இதோ கடல் தொடங்குகிறது என்று காட்டக்கூடிய இடம் ஒன்றில்லை. அமுக்கம் பத்து இலட்சம் மடங்கைத் தாண்டும் ஆழத்தில் இலத்திரன்கள் மூலக்கூறுகளிலிருந்து விடுபட, ஐதரசன் மின்னைக் கடத்தும் திரவ உலோகமாகிறது. வியாழனின் வலிமையான காந்தப்புலம் பிறப்பது அங்கேதான். ஆகவே வாயுக்கோள் என்று நாம் அழைப்பதன் பெரும்பகுதி உலோகம்.

அக்கரைப்பற்று வாசகர்:
இதோடு ஈலிய மழையையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அது. சூரியனும் வியாழனும் பிறந்த முகிலில் திணிவின்படி ஏறத்தாழ 27 சதவீதம் ஈலியம் இருந்தது. கலிலியோவின் ஆய்வுகலம் வியாழனின் மேற்பகுதியில் அளந்ததோ 24 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மீதி எங்கே போனது? ஐதரசன் உலோகமாக மாறும் ஆழத்தில் ஈலியம் அதனுடன் கலக்க மறுத்து, துளிகளாகப் பிரிந்து கீழே இறங்குகிறது. நியோன் அந்தத் துளிகளில் கரைந்து கூடவே போய்விடுகிறது. சூரியனில் உள்ள விகிதத்தின் பத்திலொரு பங்கு அளவு நியோனே மேலே எஞ்சியிருப்பதை அதே ஆய்வுகலம் கண்டது. கண்ணால் பார்க்க முடியாத மழைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கல்லடி வானோக்கி:
சிறிய தொலைகாட்டி கிடைத்தால் பிள்ளைகளுக்கு வியாழனைக் காட்டுங்கள். அது பத்து மணிநேரத்துக்குள் ஒரு முறை சுழல்வதால், மத்தியகோட்டு விட்டம் முனைவு விட்டத்தைவிட 9,000 கிலோமீற்றருக்கு மேல் பெரியது. தட்டையாக இருப்பது கண்ணுக்கே தெரியும். உள்ளே திணிவு மையத்தை நோக்கிச் செறியாமல் சீராகப் பரவியிருந்தால் இன்னும் அதிகமாகப் பிதுங்கியிருக்கும்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை:
அனைவருக்கும் மிக்க நன்றி. தம்பி, நடுவில் பாறை என்று எழுதியிருப்பதையாவது அப்படியே வைத்திருக்கலாமா?

வந்தாறுமூலை பௌதிகம்:
அதையும் மாற்றத்தான் வேண்டும், டீச்சர். 2016 ஜூலையில் வியாழனைச் சென்றடைந்த ஜூனோ விண்கலம் மேகங்களுக்கு மேலே சில ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும்போது, அதன் வேகத்தில் ஏற்படும் மிகநுண்ணிய மாற்றங்களை வானொலி அலைகளின் மீடிறன் மாற்றத்திலிருந்து கணித்து, உள்ளே திணிவு பரவியுள்ள விதத்தை அறிகிறார்கள். அதன்படி பாறையும் பனியுமான பார மூலகங்கள் ஓர் உருண்டையாக ஒதுங்கியிருக்கவில்லை. ஐதரசனில் கரைந்து, ஆரையின் பாதியளவு தூரம்வரைகூடப் பரவியிருக்கின்றன. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் நமது வாவியில் உவர்நீர் எங்கே முடிகிறது, நன்னீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கீற முடியாதல்லவா, அதுபோலத்தான்.

இளம் வியாழனில் மோதிய பெருங்கோள் ஒன்று மையத்தைக் கலக்கியிருக்கலாம் என்று 2019 இல் ஒரு விளக்கம் வந்தது. ஆனால் சனிக்கோளின் உள்ளதிர்வுகளால் அதன் வளையங்களில் எழும் அலைகளை ஆராய்ந்தவர்கள், அக்கோளின் மையமும் ஆரையின் 60 சதவீதம்வரை அவ்வாறே பரவியிருப்பதாக 2021 இல் கண்டார்கள். இரண்டு கோள்களுக்கும் ஒரேவிதமான விபத்து நேர்ந்தது என்பதைவிட, வளரும்போதே பாறையும் வாயுவும் சேர்ந்து வந்து விழுந்தன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.