கடலூர்த் தண்ணீரில் ஃபிலிம் கழுவிய கதை

என் முதல் ரோல் வீணானதற்குக் காரணம் குழாய்த் தண்ணீர்தான். மே மாதம், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. தெர்மாமீட்டர் 32 டிகிரி காட்டியது. கருப்பு வெள்ளை ஹெச்பி5 ஃபிலிமை, படத்தை வெளிக்கொண்டு வரும் டி-76 டெவலப்பர் கரைசலில், சம அளவு தண்ணீர் கலந்தால், 20 டிகிரியில் 11 நிமிடம் வைக்க வேண்டும். சூடு கூடினால் நேரத்தைக் குறைத்தால் போதும் என்று நினைத்து 4 நிமிடத்தில் முடித்துவிட்டேன். அவ்வளவு குறைந்த நேரத்தில் டெவலப்பர் ஃபிலிம் முழுக்க ஒரே சீராக வேலை செய்யாது. ஃபிலிமின் ஓரத்துத் துளைகளிலிருந்து கறை கோடு கோடாக இறங்கி, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயாவின் முகத்தையே அழித்திருந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு, முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஊட்டியில் தயாரான 'இந்து' (Indu) பிராண்ட் ஃபிலிமை நூற்றுக்கணக்கில் கழுவிய கை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் திட்டவில்லை.

"20 டிகிரிக்கு ஆசைப்படாத தம்பி. நம்ம ஊருக்கு 24 போதும். ஆனா டெவலப்பர், படத்த நிலைக்க வைக்கிற ஹைப்போ, கழுவுற தண்ணி, எல்லாம் ஒரே சூட்டுல இருக்கணும். ஜில்லுனு இருந்ததச் சூட்டுல போட்டா ஃபிலிம் மேல இருக்கிற ஜெலட்டின் ஊதிச் சுருங்கிப் போயிடும்."

நான் டெவலப்பரை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கழுவும் தண்ணீரை யார் அளக்கிறார்கள்!

அடுத்த முறை பெரிய டப்பில் தண்ணீர், அதில் பாலித்தீன் பையில் கட்டிய ஐஸ், நடுவே எல்லா பாட்டில்களும். 24 டிகிரியில் 8 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஹைப்போவில் முன்கூட்டியே ஒரு துண்டு ஃபிலிமைப் போட்டு, அது தெளிய எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு வைத்தேன். குழாயடியில் ஓடவிட்டுக் கழுவினால் மறுபடி 32 டிகிரிதானே? அதனால் ஃபிலிம் இருக்கும் சின்ன டேங்கில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, மூடி, 5 முறை கவிழ்த்து நிமிர்த்திவிட்டுக் கொட்டினேன். புதுத் தண்ணீரில் 10 முறை, அடுத்ததில் 20 முறை. ஹெச்பி5 தயாரிக்கும் இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லும் முறை இது. ஒரு லிட்டர்கூட ஆகவில்லை.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான். இன்னொன்று, கை வேர்த்திருக்கும்போது டேங்குக்குள் வைக்கும் ரீலில் ஃபிலிம் சுற்றாதீர்கள்; ஈரம் பட்டால் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் விடியற்காலையில் சுற்றுகிறேன்.

இந்த ரோலிலும் ஆயாதான், அதே திண்ணை. குளியலறைக் கொடியில் காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தது.

"ஏண்டா, என் முடி கருப்பாயிடுச்சே!"

பிரிண்ட் போட வேண்டாம், இப்படியே கொடு என்று வாங்கித் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டது.