பிட்ஸ்ஜெரால்டின் கடைசிக் காலக் கடிதங்கள்: எப்படிப் படிப்பது?

பழையபுத்தகம்:
அமெரிக்க நாவலாசிரியர் ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டின் 1937–40 ஹாலிவுட் கடிதங்கள். கையில் இருப்பது ஆண்ட்ரூ டர்ன்புல்லின் 1963 தொகுப்பு. மகள் ஸ்காட்டிக்கு எழுதும்போது கண்டிப்பான அப்பா. பதிப்பாசிரியர் பெர்க்கின்ஸுக்கு எழுதும்போது ஒடிந்துபோன மனுஷன். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது? மனைவி ஸெல்டாவின் கடிதங்களை எங்கே வைப்பது?

நெய்தல்:
அந்தத் தொகுப்பு யாருக்கு எழுதியது என்று ஆள்வாரியாகப் பிரித்தது. அதனால்தான் இரண்டு ஆளாகத் தெரிகிறார். தேதி வரிசையில் வந்த புரூக்கோலியின் 1994 தொகுப்பை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, டர்ன்புல்லில் இருப்பதை நடுவில் செருகுங்கள். 1940 மே 20 அன்று பெர்க்கின்ஸிடம், தன் நாவல் 'தி கிரேட் கேட்ஸ்பி'யை 25 சென்ட் மலிவுப் பதிப்பாகப் போட்டால் ஜனங்கள் கண்ணில் படுமா, இல்லை அதன் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். 23 நாள் கழித்து, ஜூன் 12, மகளுக்கு எழுதுகிறார்: அந்த நாவலை முடித்த கையோடு இதுதான் என் பாதை என்று அதிலேயே நின்றிருக்க வேண்டும். அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வருகிறது என்று புரியும். மகளைத் திட்டவில்லை அவர்.

கடன்கணக்கு:
பக்கத்தில் அவருடைய பணவரவையும் எழுதிவைப்பது நல்லது. 1937 ஜூலையில் எம்.ஜி.எம். சினிமா நிறுவனத்தில் சம்பளம் வாரம் 1,000 டாலர், ஆறு மாதம் கழித்து 1,250. 1939 தொடக்கத்தில் அது நின்றது. பிறகு 'எஸ்குவயர்' இதழில் கதைக்கு 250. 1939 ஜூலையில் ஏஜென்ட் ஹெரால்ட் ஓபர் இனி முன்பணம் இல்லை என்றதும் உறவு முறிகிறது. ஆனால் விடுமுறையில் ஸ்காட்டி தங்கியது ஓபர் வீட்டில்தான். இதை மறந்து படித்தால் ஓபர் மேல் பிட்ஸ்ஜெரால்டுக்கு இருந்த கோபம் முழுசாகப் பிடிபடாது. ஓபரின் பதில்களும் அவர்கள் இருவர் கடிதங்களின் 1972 தொகுப்பில் உண்டு.

மலைப்பாதை:
ஸெல்டா பெரும்பாலும் தேதி போடுவதில்லை. அச்சில் இருக்கும் தேதி பல இடங்களில் பதிப்பாசிரியர்களின் ஊகம், அதை நம்பி வாதம் கட்டாதீர்கள். ஊரைப் பாருங்கள்: 1940 ஏப்ரல் நடுவரை ஆஷ்வில் ஊரின் ஹைலண்ட் மனநல மருத்துவமனை, அதன்பின் மாண்ட்கோமரியில் அம்மா வீடு. ஸ்காட் பக்கம் கடைசி இரண்டு வருஷம் நிறையக் கிடைப்பதற்குக் காரணம், செயலாளர் தட்டச்சு செய்த கார்பன் பிரதிகள். கையால் எழுதி அனுப்பியதெல்லாம் வாங்கியவர் பத்திரப்படுத்தினால்தான் உண்டு. ஒரு மாதம் கடிதமே இல்லையென்றால், அவர் எழுதவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பழையபுத்தகம்:
மே 20, ஜூன் 12 இரண்டும் டர்ன்புல்லிலேயே இருக்கின்றன, வேறு வேறு பகுதியில். அங்கிருந்தே தொடங்குகிறேன். நன்றி.