விஎம்ஸ்டாட்டில சிஎஸ் 19 ஆயிரம் காட்டுது, பில் இழுபடுது – உதவி தேவை

அக்கராயன்_தம்பி:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில கணக்குப் பகுதியில நிக்கிறன். தராசடியில ரெண்டு கோர் பழைய கொம்பியூட்டர் ஒண்டு, உபுண்டு போட்டிருக்கு. தராசிலயிருந்து சீரியல் வயரால நிறை எடுத்து பில் அடிக்கிறது அதுதான். காலபோக நெல்லு வரத் தொடங்கின பிறகு பில் வெளிய வர சரியா மினக்கெடுது. கேற்றடியில ட்ரக்டர் பெட்டிகள் வரிசையில நிக்குது, ஏச்சு முழுக்க எனக்கு.

மெசின் என்ன பாட்டில நிக்குது எண்டு காட்டுற விஎம்ஸ்டாட் கட்டளையைச் செக்கனுக்கொருக்கா ஓட விட்டால் வாற வரி இது:
ஆர் 1, பி 2, ஐஎன் 10400, சிஎஸ் 19200, யுஎஸ் 6, எஸ்வை 13, ஐடி 38, டபிள்யூஏ 43

சிஎஸ் எண்டால் ப்ராசசர் ஒரு வேலையை விட்டு மற்றதுக்குச் செக்கனுக்கு எத்தினை தரம் மாறுது எண்டதாம். இப்பிடி மாறிக்கொண்டே இருந்தால் வேலையை எப்ப செய்யிறது? முதலாளி புதுசு வாங்குவம் எண்டு நிக்கிறார்.

வவுனியா_நெட்:
ஒரு கோருக்கு 5000 தாண்டினால் கூடாது எண்டுதான் நான் படிச்சது. உங்களுக்கு 9600 வருது. புதுசு வாங்குறதுதான் சரி.

மல்லாவி_அக்கா:
தம்பி, பொறுங்கோ, காசைக் கொட்டாதேங்கோ. அந்த 5000 கணக்கு கனகாலமாச் சுத்தித் திரியுது, எல்லா மெசினுக்கும் பொருந்தாது. ஒரு மாற்றத்துக்கு 3 மைக்ரோசெக்கன் எண்டு வையுங்கோ. 19200 தரத்துக்கு 58 மில்லிசெக்கன். ரெண்டு கோரிலயும் பிரிச்சால் 3 வீதம்கூட இல்லை. மாறேக்க கேஷ், அதாவது ப்ராசசருக்குப் பக்கத்தில இருக்கிற வேகமான மெமரி, குழம்புற நட்டத்தையும் சேர்த்தாலும் பில் நிக்கிற அளவுக்கு வராது.

ப்ராசசர் போதாமல் போனால் ஆர் (ஓடுற, ஓடக் காத்து நிக்கிற வேலைகள்) எப்பவும் கோர் எண்ணிக்கைக்கு மேல நிக்கும், ஐடி (ப்ராசசர் சும்மா இருக்கிற வீதம்) பூச்சியத்துக்கு வரும். உங்களுக்கு ஆர் 1, ஐடி 38. சும்மா இருக்கிற ப்ராசசர் அது. விஎம்ஸ்டாட்டில வாற முதல் வரியைப் பாக்காதேங்கோ, அது மெசின் போட்ட நேரத்திலயிருந்து வாற சராசரி. சிஸ்ஸ்டாட் பொதியில இருக்கிற பிட்ஸ்டாட்டை டபிள்யூ, டி ரெண்டு ஒப்ஷனும் குடுத்து ஓடுங்கோ, ஒவ்வொரு ப்ரோகிராமும் எத்தினை தரம் மாறுது எண்டு காட்டும். ப்ரோகிராம் தானா விட்டுக் குடுக்கிறதும் கேர்னல் (லினக்ஸின்ர மையப் பகுதி) பறிக்கிறதும் தனித்தனியா வரும். பறிக்கிறது கூடினால்தான் ப்ராசசருக்கு அடிபாடு.

அக்கராயன்_தம்பி:
ஓடிப் பாத்தன் அக்கா. தராசு வாசிக்கிற ப்ரோகிராம் ஒண்டே செக்கனுக்கு 9100, எல்லாம் தானா விடுறது, பறிச்சது 3. மற்றதெல்லாம் சில்லறை. ஆனா விஎம்ஸ்டாட்டில 19200 வருதே, கணக்கு உதைக்குது.

மல்லாவி_அக்கா:
உதைக்கேல்லை. அந்த ப்ரோகிராம் நித்திரைக்குப் போனால் வேற வேலை இல்லாத ப்ராசசர் ஐடில் டாஸ்க்குக்கு, அதாவது சும்மா இருக்கிற வேலைக்கு, மாறும், எழும்பினால் திரும்பி வரும். விஎம்ஸ்டாட் ரெண்டையும் எண்ணும். பிட்ஸ்டாட்டில ஐடில் இல்லை. கோடில யுஸ்லீப், அதாவது நித்திரை நேரம், எவ்வளவு குடுத்திருக்கு?

அக்கராயன்_தம்பி:
50 மைக்ரோசெக்கன். அப்ப 20 ஆயிரம் தரமெல்லோ எழும்ப வேணும்?

மல்லாவி_அக்கா:
லினக்ஸ் வழமையா இன்னொரு 50 வரைக்கும் தாமதிச்சு எழுப்பும், டைமர் ஸ்லாக் எண்டுறது அதுதான். தராசு 9600 போட் (சீரியல் வயரில டேட்டா போற வேகம்) எண்டால் ஒரு எழுத்து வரவே 1 மில்லிசெக்கனுக்கு மேல வேணும். அதுக்குள்ள பத்துத் தரம் எட்டிப் பாத்து என்ன வரப்போகுது? அந்த ஸ்லீப்பை எடுத்திட்டு, போல் எண்ட சிஸ்டம் கோலை வச்சு டேட்டா வரும் மட்டும் ப்ரோகிராமைப் படுக்க விடுங்கோ.

ஆனா பில் சுணங்கிறது இதால இல்லை எண்டுதான் நினைக்கிறன். டபிள்யூஏ (டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற வீதம்) 43, பி 2. ரெண்டு ப்ரோசஸ் டிஸ்க்கைப் பாத்துக்கொண்டு நிக்குது. டிஸ்க்கின்ர நிலைமையைக் காட்டுற ஸ்மார்ட்சிடிஎல் ஓடிப் பாத்தனீங்களோ?

அக்கராயன்_தம்பி:
போல் போட்டாச்சு, சிஎஸ் 600க்கு வந்திட்டுது. பில் பழையபடிதான். ஸ்மார்ட்சிடிஎல்லில ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ 48 எண்டு கிடக்கு.

வவுனியா_நெட்:
ஓ, டிஸ்க் போகுது. அக்கா சொன்னது சரி, புதுப் பெட்டி தேவையில்லை. ஒரு எஸ்எஸ்டி காணும்.

மல்லாவி_அக்கா:
வாசிக்கேலாத செக்டர்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கப் பாக்குது, அதுதான் இழுபடுது. தம்பி, எஸ்எஸ்டி வரட்டும் எண்டு நிக்காதேங்கோ. இண்டைக்கே டேட்டாபேஸை முழுசா டம்ப் (ஃபைலாக் கொப்பி) எடுத்து வேற டிரைவில போடுங்கோ. எடுத்ததை இன்னொரு மெசினில ஏத்தித் திறக்குதோ எண்டும் பாருங்கோ. டிஸ்க்கில ஃபைல் சிஸ்டத்தைத் திருத்துற எஃப்எஸ்சிகே ஒண்டும் இப்ப ஓடாதேங்கோ, முதல்ல கொப்பி.